நான்கு முட்டைகளும் ஒரு சமையலறைத் தராசும்

சமையலறைத் தராசில் நான்கு முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து நிறுத்துப் பார்த்தேன். மளிகைக் கடையில் வாங்கிய வெள்ளை முட்டை 54 கிராம் இருந்தது. சந்தையில் கூடை வைத்து விற்கும் அம்மாவிடம் வாங்கிய நாட்டுக்கோழி முட்டை 38 கிராம், வாத்து முட்டை 69 கிராம், காடை முட்டை 10 கிராம். எது சத்தானது என்று நம் வீடுகளில் நடக்கும் வாதங்கள் எல்லாம் ‘ஒரு முட்டை’ என்ற அளவை வைத்தே நடக்கின்றன. அந்த ‘ஒன்று’ ஒரு பறவையில் 10 கிராமாகவும் இன்னொரு பறவையில் 69 கிராமாகவும் இருக்கும்போது, வாதம் தொடங்கும் இடத்திலேயே கோணலாகிவிடுகிறது. ஆகவே முதலில் நூறு கிராமுக்கு நூறு கிராம் என்று வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு தட்டில் விழும் முட்டைக்கும் அதற்காகக் கொடுக்கும் காசுக்கும் வருகிறேன்.

அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்து அட்டவணைப்படி, ஓடு நீக்கிய பச்சைக் கோழிமுட்டை நூறு கிராமில் 143 கலோரியும், 12.6 கிராம் புரதமும், 9.5 கிராம் கொழுப்பும், 372 மில்லிகிராம் கொலஸ்ட்ராலும் உள்ளன. அதே அளவு வாத்து முட்டையில் 185 கலோரி, 12.8 கிராம் புரதம், 13.8 கிராம் கொழுப்பு, 884 மில்லிகிராம் கொலஸ்ட்ரால். காடை முட்டையில் 158 கலோரி, 13 கிராம் புரதம், 11 கிராம் கொழுப்பு, 844 மில்லிகிராம் கொலஸ்ட்ரால். இந்த எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால் கண்ணில் படும் முதல் செய்தி, புரதத்தில் மூன்றுக்கும் ஏறக்குறைய வேறுபாடே இல்லை என்பதுதான். ‘காடை முட்டையில் புரதம் ஐந்து மடங்கு’ என்று கடைப் பலகைகளில் எழுதியிருப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. வேறுபாடு முழுவதும் கொழுப்பிலும், கொழுப்போடு சேர்ந்து வரும் பொருள்களிலும் இருக்கிறது.

அதற்குக் காரணம் எளியது. முட்டையின் வெள்ளைக்கரு என்பது பெரும்பாலும் நீரும் புரதமும்தான். கொழுப்பு, கொலஸ்ட்ரால், வைட்டமின் ஏ, டி, பி12, கோலின் என்ற சத்து, இரும்பு ஆகியவை ஏறத்தாழ முழுவதும் மஞ்சள் கருவில் அடங்கியிருக்கின்றன. பண்ணைக் கோழிமுட்டையில் மஞ்சள் கரு மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. வாத்து முட்டையில் அந்தப் பங்கு கூடுதல். எனவே ஒரு பறவையின் முட்டை மற்றொன்றைவிடச் ‘சத்தானது’ என்று நாம் சொல்வதில் பெரும் பகுதி, அதில் மஞ்சள் கரு கூடுதலாக இருக்கிறது என்பதையே குறிக்கிறது. மீதிப் பகுதி அந்தப் பறவை என்ன தின்றது, வெயிலில் நடந்ததா என்பதைப் பொறுத்தது. இனத்தின் பெயருக்கு நாம் கொடுக்கும் மரியாதை இந்த இரண்டையும் மறைத்துவிடுகிறது.

நாட்டுக்கோழி முட்டையை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் நம்மிடம் அதிகமாகச் சண்டை நடப்பது அதைப் பற்றித்தான். சிறுவிடை, பெருவிடை, அசில் போன்ற நம் கோழிகள் ஆண்டுக்கு அறுபது முதல் எண்பது வரை முட்டையிடும். இடையில் அடைகாக்க உட்கார்ந்துவிடும். நாமக்கல் பண்ணைகளில் வளரும் பி.வி.300 போன்ற, முட்டைக்காகவே வளர்க்கும் லேயர் கோழிகள் ஆண்டுக்கு முந்நூறுக்கும் மேல் இடுகின்றன. அவ்வளவு முட்டை இடுகிற கோழியின் முட்டையில் சத்து எங்கே இருக்கும், அது நீர்த்துப்போயிருக்காதா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான ஐயம்தான், ஆனால் உயிரியல் அப்படி வேலை செய்வதில்லை. முட்டை என்பது ஒரு குஞ்சு உருவாவதற்கான முழு ஏற்பாடு. அதற்கு வேண்டிய புரதமும் கனிமங்களும் குறைந்தால் கோழி நீர்த்த முட்டையை இடுவதைவிட முட்டையிடுவதையே குறைத்துக்கொள்கிறது. அந்தக் குறை வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் பண்ணைகளில் மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கிளிஞ்சல், வைட்டமின் கலவை என்று கணக்கிட்டுத் தீவனம் போடுகிறார்கள். புரதத்தின் அளவிலோ தரத்திலோ பண்ணை முட்டைக்கும் நாட்டு முட்டைக்கும் சொல்லத்தக்க வேறுபாடு கிடையாது.

மாறக்கூடியவை வேறு. கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் கொழுப்பு அமிலங்களும் தீவனத்தையும் வெளிச்சத்தையும் ஒட்டி நன்றாகவே மாறும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வில், புல்வெளியில் மேயவிட்ட கோழிகளின் முட்டையில், கூண்டுக் கோழி முட்டையைவிட வைட்டமின் ஈ இரண்டு மடங்கும் ஒமேகா-3 கொழுப்பு இரண்டு மடங்குக்கு மேலும் இருந்தன. ஜெர்மனியில் 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில், வெளியில் திரிந்து வெயில் பட்ட கோழிகளின் மஞ்சள் கருவில் வைட்டமின் டி, உள்ளேயே அடைபட்ட கோழிகளின் முட்டையைவிட மூன்று முதல் நான்கு மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது. இரண்டு ஆய்வுகளிலும் கவனிக்க வேண்டியது, வேறுபாட்டை உண்டாக்கியது கோழியின் சாதி அல்ல, அது வளர்ந்த விதம் என்பதே. லேயர் கோழியைத் தோட்டத்தில் மேயவிட்டாலும் அதன் முட்டைக்கு இந்த நன்மை கிடைக்கும். நாட்டுக்கோழியைக் கொட்டகையில் அடைத்துப் பண்ணைத் தீவனம் மட்டும் போட்டால் அதன் முட்டையிலிருந்து இந்த நன்மை போய்விடும்.

இங்கே மஞ்சள் கருவின் நிறம் நம்மை ஏமாற்றுகிறது. ஆரஞ்சு நிறத்தில் தளதளவென்று இருந்தால் சத்து மிகுதி என்று நினைக்கிறோம். அந்த நிறம் லூட்டீன், சியாசாந்தின் முதலிய நிறமிகளால் வருவது. கீரை, புல், மஞ்சள் மக்காச்சோளம் தின்றால் நிறம் ஏறும். கம்பும் அரிசிக் குருணையும் தின்றால் வெளிறும். செண்டுமல்லிப் பூவிலிருந்து எடுத்த சாற்றைத் தீவனத்தில் கலந்தாலும் கூண்டுக் கோழியின் மஞ்சள் கரு ஆரஞ்சாகிவிடும், அப்படிக் கலப்பது தொழிலில் வழக்கமும்கூட. லூட்டீன் கண்ணின் விழித்திரைக்கு நல்லதுதான். ஆனால் அது உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுவதில்லை. ஆகவே நிறத்தைப் பார்த்து லூட்டீனைப் பற்றி ஓரளவு சொல்லலாமே தவிர, புரதத்தைப் பற்றியோ இரும்பைப் பற்றியோ பி12 பற்றியோ ஒன்றும் சொல்ல முடியாது. ஓட்டின் நிறத்துக்கோ அந்த அளவு பொருள்கூட இல்லை. பழுப்பு ஓடு என்பது முட்டை உருவாகும் கடைசிக் கட்டத்தில் மேலே பூசப்படும் ஒரு நிறமி, கோழியின் மரபால் வருவது.

ஓட்டின் நிறத்துக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது என்பதால்தான் சந்தையில் வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து நாட்டு முட்டை என்று விற்கும் வேலையும் நடக்கிறது. ஒருமுறை நானும் ஏமாந்தேன். பன்னிரண்டு முட்டை வாங்கி வந்து நான்கைப் பாத்திரத்தில் போட்டு வேகவைத்தபோது, கொதிக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் தண்ணீர் நீர்த்த டீயைப் போலப் பழுப்பானது. எடுத்து ஆறவைத்த முட்டையின் ஓட்டில் திட்டுத்திட்டாக வெள்ளை தெரிந்தது. ஈரத் துணியில் எலுமிச்சைச் சாறு தொட்டு ஓட்டை அழுத்தித் துடைத்தால் இத்தகைய சாயம் பெரும்பாலும் துணியில் ஒட்டும். அதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது, சாயம் பூசாமலேயே நடக்கும் மாற்று. கிராமப்பிரியா, வனராஜா போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்களின் பழுப்பு முட்டையும், இளங்கோழி இடும் சிறிய பழுப்பு முட்டையும் நாட்டு முட்டை என்ற பெயரில் கூடையில் கலந்துவிடுகின்றன. இவற்றை ஏமாற்று என்று முழுதாகச் சொல்லவும் முடியாது, ஏனெனில் இந்த இனங்களைப் புறக்கடையில் மேயவிட்டு வளர்ப்பவர்களும் உண்டு. சுருக்கமாக, கோழி நடந்த இடத்தைப் பார்க்க முடியாதவருக்கு ‘நாட்டு முட்டை’ என்பது விலைச்சீட்டு மட்டுமே.

கடக்நாத் என்ற கருங்கோழியின் முட்டைக்கு இன்னும் கூடுதலாகக் கேட்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது இக்கோழியின் கறிக்கு. கறியும் எலும்பும் கருமையாக இருக்கும் இந்தக் கோழி இடும் முட்டை கறுப்பு அல்ல, வெளிர் பழுப்பு. கறியில் கொழுப்பு குறைவு என்ற பெயரை முட்டைக்கும் ஏற்றிச் சொல்வது வியாபாரம். பெட்டியில் அடைத்து வரும் ஒமேகா-3 முட்டையின் நிலை வேறு. ஆளிவிதை போன்றவற்றைத் தீவனத்தில் சேர்த்தால் முட்டையில் ஒமேகா-3 உண்மையாகவே கூடும். ஆனால் மீன் சாப்பிடும் வீட்டில் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. ஒரு வேளைக் குழம்பில் போடும் மத்தி மீன், அந்தப் பெட்டி முழுவதும் தருவதற்கு நிகராகத் தந்துவிடும்.

வெள்ளை முட்டையைப் பற்றிய அச்சங்களில் ஒன்றை ஒதுக்கிவிடலாம், மற்றொன்றை ஒதுக்க முடியாது. ஹார்மோன் ஊசி போட்டுத்தான் தினமும் முட்டையிட வைக்கிறார்கள் என்பது கட்டுக்கதை. ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் தினம் ஊசி போடுவது எந்தப் பண்ணையாளருக்கும் கட்டுப்படியாகாது. பல தலைமுறைத் தேர்வும் தீவனமும் வெளிச்ச நேரமுமே அந்த வேலையைச் செய்கின்றன. சேவல் இல்லாமல் இடும் முட்டை சத்தற்றது என்பதும் அப்படியே. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பற்றிய கவலையோ நியாயமானது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் மருந்தைக் கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019இல் தடைசெய்ய வேண்டியிருந்தது என்பதே அந்தக் கவலைக்குச் சான்று. மறுபுறம், குப்பைமேட்டிலும் சாக்கடை ஓரத்திலும் மேயும் கோழி, மண்ணில் கிடக்கும் ஈயத்தையும் குப்பை எரித்த சாம்பலில் இருக்கும் டையாக்சின் என்ற நச்சையும் கொத்தித் தின்று முட்டையில் சேர்க்கும். மாசுபட்ட இடத்தில் மேயும் நாட்டுக்கோழி, தூய்மையில் பண்ணைக் கோழியை வென்றுவிட்டதாகக் கொள்ள முடியாது.

இனிக் காசுக்கு வருவோம். எங்கள் பகுதியில் நான் வாங்கிய அன்று வெள்ளை முட்டை 7 ரூபாய், நாட்டு முட்டை 16, வாத்து முட்டை 14, காடை முட்டை 4 ரூபாய். ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் இது மாறும். விகிதம் பெரிதாக மாறாது. ஓட்டின் எடையைக் கழித்தால் அந்த வெள்ளை முட்டையில் 6 கிராம் புரதம், நாட்டு முட்டையில் 4 கிராமுக்குச் சற்று மேல், வாத்து முட்டையில் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு, காடை முட்டையில் 1.2 கிராம். அப்படியானால் பத்து கிராம் புரதத்துக்கு வெள்ளை முட்டையில் ஏறத்தாழ 12 ரூபாய், வாத்து முட்டையில் 18, காடை முட்டையில் 33, நாட்டு முட்டையில் 39 ரூபாய் செலவாகிறது. மூன்று நேரமும் சோற்றை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு அற்பமானதல்ல. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. முட்டையில் அது தாராளம். ஒரு தட்டுச் சோற்றோடு ஒரு முட்டை சேரும்போது முட்டையின் புரதம் மட்டுமின்றி, சோற்றிலிருக்கும் புரதமும் உடலுக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது. தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, 2010இல் வாரம் ஐந்து என்று ஆன முட்டை, நாட்டு முட்டையாக இருந்திருந்தால் அந்த ஐந்தை எந்த அரசாலும் எட்டியிருக்க முடியாது. வளரும் பிள்ளைக்கு, மாதத்துக்குப் பத்து நாட்டு முட்டை கொடுப்பதா, அதே காசுக்கு இருபதுக்கு மேல் வெள்ளை முட்டை கொடுப்பதா என்று கேட்டால், எனக்கு ஐயமே இல்லை.

வாத்து முட்டையின் கதை இதைவிடச் சுவையானது. நம் ஊரில் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். சம்பாவும் தாளடியும் அறுத்த வயல்களில் நூற்றுக்கணக்கான வாத்துகளை ஒரு கோலை வைத்துக்கொண்டு ஓட்டிச் செல்பவர்களைக் காவிரிப் படுகையிலும் காஞ்சிபுரம், ஆரணிப் பக்கங்களிலும் பார்க்கலாம். உதிர்ந்த நெல், நத்தை, புழு, பூச்சி என்று வயலில் கிடைப்பதைத் தின்று, இரவில் பட்டியில் அடைபட்டு, விடிவதற்குள் முட்டையிட்டுவிடும். மேய்ப்பவர் விடியலில் பட்டிக்குள் குனிந்து சேற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். மேய்ச்சல் முட்டை வேண்டும் என்று நாட்டு முட்டைக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள், உண்மையாகவே மேய்ந்த பறவையின் முட்டையை நாற்றம் என்று சொல்லி ஒதுக்குகிறார்கள். சிறிது வாடை இருப்பது உண்மைதான்; நத்தையும் மீனும் அதிகம் தின்ற பருவத்தில் அது கூடும். மிளகும் சின்ன வெங்காயமும் போட்டால் தெரிவதில்லை.

சத்தில் வாத்து முட்டை தனித்து நிற்பது பி12 வைட்டமினில். நூறு கிராம் கோழிமுட்டையில் அது 0.9 மைக்ரோகிராம், வாத்து முட்டையில் 5.4. என் தராசில் ஏறிய அந்த ஒற்றை வாத்து முட்டையிலேயே மூன்று மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கும், வயதுவந்தவருக்கு நாளொன்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 2.4 மைக்ரோகிராமை அது தாண்டுகிறது. கறி, மீன் தொடாமல் முட்டை மட்டும் சேர்த்துக்கொள்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பி12 குறைபாடும் அவர்களிடையே நிறைய. அவர்கள் வாரத்தில் மூன்று நான்கு முட்டையை வாத்து முட்டையாக மாற்றிக்கொள்வது பொருளுள்ள மாற்றம். ஆனால் முட்டையிலுள்ள பி12, கறியிலும் மீனிலும் உள்ளதைப் போல எளிதில் உறிஞ்சப்படுவதில்லை என்பதால், இரத்தப் பரிசோதனையில் குறைபாடு ஏற்கெனவே தெரிந்தவருக்கு மருத்துவர் எழுதிய மாத்திரைக்கோ ஊசிக்கோ இது மாற்றாகாது.

இரும்பிலும் வாத்து முட்டை இரண்டு மடங்குக்கு மேல்: நூறு கிராமில் 3.9 மில்லிகிராம், கோழிமுட்டையில் 1.8. இந்த எண்ணைப் பார்த்து இரத்தசோகைக்கு மருந்து என்று சொல்லிவிடக் கூடாது. மஞ்சள் கருவில் ஃபாஸ்விட்டின் என்ற புரதம் இரும்பை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குடலில் அது எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. முட்டை எந்தப் பறவையுடையதானாலும் இரும்புக்கு நம்பத் தகுந்த உணவு அல்ல. முட்டையோடு எலுமிச்சை பிழிந்த வெங்காயப் பச்சடியோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்வதும், சாப்பிட்டவுடன் டீ குடிக்காமல் இருப்பதும் ஓரளவு உதவும். வாத்து முட்டை குளிர்ச்சி, மூலத்துக்கு நல்லது என்ற நம்பிக்கையும் ஊர்ப்புறத்தில் வலுவாக இருக்கிறது. முட்டையில் நார்ச்சத்து துளியும் இல்லாத நிலையில், மூலம் உள்ளவர் கீரையையும் தண்ணீரையும் முதலில் கவனிப்பது நல்லது.

வாத்து முட்டையின் மறுபக்கம் கொலஸ்ட்ரால். ஒரு முட்டையிலேயே 500 மில்லிகிராமுக்கு மேல் வந்துவிடுகிறது. வெள்ளை முட்டையில் அது 180 அளவில் இருக்கும். உணவிலுள்ள கொலஸ்ட்ராலைப் பற்றிய அச்சம் முன்பிருந்த அளவில் இப்போது இல்லை. நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்ற வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டுதல்கள் 2015இல் கைவிட்டன. இரத்தத்தின் கொலஸ்ட்ராலை உயர்த்துவதில் நெய், வனஸ்பதி, பாமாயில், கொழுப்புக் கறி ஆகியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பின் பங்கே பெரிது. அமெரிக்க இதயநலச் சங்கம் 2019இல் வெளியிட்ட அறிவுரையிலும் நலமாக இருப்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டை ஏற்கத்தக்கது என்றே சொல்லப்பட்டது. ஆனால் அங்கே ‘ஒரு முட்டை’ என்பது கோழிமுட்டை. அதை வாத்து முட்டைக்கும் அப்படியே பொருத்தினால் மூன்று முட்டையின் கொலஸ்ட்ரால் சேர்ந்துவிடும். நீரிழிவு உள்ளவர், எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ராலின் அளவு உயர்ந்தவர், இதய நோய்க்கு மருந்து எடுப்பவர் ஆகியோர் வாத்து முட்டையையும் கைநிறையக் காடை முட்டையையும் தினசரி வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று, வாத்து முட்டையை அரைவேக்காட்டில் சாப்பிடவே கூடாது. சேற்றிலும் எச்சத்திலும் கிடந்த ஓட்டில் சால்மோனெல்லா கிருமி ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். வாங்கியதும் கழுவி அடுக்கி வைப்பதும் நல்லதல்ல, ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விடும். சமைப்பதற்கு முன் கழுவுவதே முறை. கோழிமுட்டைக்குக் கொதித்த பின் பத்து நிமிடம் போதுமென்றால் இதற்குப் பதினைந்து நிமிடமாவது வேண்டும்.

காடை முட்டைக்குச் சொல்வதற்கு அவ்வளவு இல்லை. ஐந்து காடை முட்டை சேர்ந்தால் ஒரு கோழிமுட்டைக்குச் சமமான புரதமும் கலோரியும், இரண்டு மடங்குக் கொலஸ்ட்ராலும், ஏறக்குறைய இரண்டு மடங்கு இரும்பும், கூடுதலான பி12-உம் கிடைக்கும். ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் நீங்கும் என்று வெறும் வயிற்றில் பச்சையாகக் குடிப்பவர்களைப் பார்க்கிறேன். காடையின் உடல் வெப்பம் அதிகம், அதனால் கிருமியே வராது என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். காடைக்கும் சால்மோனெல்லா வரும். சாப்பிட மறுக்கும் சிறு பிள்ளைக்கு, புள்ளி போட்ட குட்டி முட்டையைத் தானே உரித்துத் தின்னும் ஆசை வருகிறது என்பதே நான் நேரில் கண்ட உண்மையான நன்மை. வான்கோழி முட்டையும் கினிக்கோழி முட்டையும் சத்தில் குறைந்தவை அல்ல. ஆனால் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் அவற்றைக் குஞ்சு பொரிக்கவே வைத்துக்கொள்வதால் கடைத் தேர்வில் அவற்றுக்கு இடமில்லை.

கோழிமுட்டை ஒவ்வாத குழந்தைக்குக் காடை முட்டையோ வாத்து முட்டையோ கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்கக் கூடாது. ஒவ்வாமையைத் தூண்டும் வெள்ளைக்கருப் புரதங்கள் இந்தப் பறவைகளிடையே மிகவும் ஒத்திருப்பதால், ஒன்று ஒவ்வாதவருக்கு மற்றொன்றும் ஒவ்வாமல் போகும் வாய்ப்பு மிகுதி. அதைச் சோதிக்கும் இடம் மருத்துவமனை, அடுக்களை அல்ல.

எங்கள் வீட்டில் கடைசியாக ஏற்பட்ட ஏற்பாடு இது. தினமும் தேவைப்படும் முட்டை, அட்டையில் வாங்கும் வெள்ளை முட்டை. கருவுற்றிருக்கும் அக்கா மகளுக்குக் கோலின் நிறைய வேண்டும், நாளொன்றுக்கு 450 மில்லிகிராம். ஒரு வெள்ளை முட்டையில் 140 அளவில் கிடைக்கிறது, ஆகவே அவளுக்கு நாளைக்கு இரண்டு, நன்றாக வெந்தவை. மாமிசம் தொடாத அண்ணிக்கு, அறுவடைக் காலத்தில் வாத்து முட்டை வாரம் மூன்று. நீரிழிவுக்காரரான அப்பாவுக்கு ஒரு முழு முட்டையும் ஒரு வெள்ளைக்கருவும். அவருடைய மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்தது. நாட்டு முட்டை, ஊரில் சித்தி வீட்டுக் கொல்லையில் மேயும் ஆறு கோழிகள் இடும்போது மட்டும்.

அந்த நாட்டு முட்டைகள் அண்மையில் வந்து சேர்ந்தது ஒரு சடங்கு வீட்டுக்கு. அண்ணன் மகள் பெரியவளானதும், முறைப்படி பச்சை நாட்டு முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, மேலே நல்லெண்ணெய் கொடுக்க வேண்டும் என்று அத்தை உட்கார்ந்துவிட்டார். “பச்சையாக் குடிச்சாத்தான் எலும்புல ஏறும்” என்பது அவர் வாதம். பெல்ஜியத்தில் 1998இல் சிலரை வைத்துச் செய்த ஆய்வில் வேகவைத்த முட்டையின் புரதம் 91 விழுக்காடும் பச்சை முட்டையின் புரதம் 51 விழுக்காடும்தான் செரித்தன என்பதையும், பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதையும் நான் எடுத்துச் சொன்னபோது அவர் காதில் வாங்கவில்லை. முட்டை நாட்டுக்கோழியுடையது, எண்ணெய் செக்கில் ஆட்டியது, இரண்டுமே அவளுக்குப் போகட்டும், அடுப்பில் வைத்த பிறகு போகட்டும் என்று சித்தி ஒரு வழி சொன்னார். இரும்புச் சட்டியில் நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, முட்டைகளை உடைத்து ஊற்றி, மிளகுத்தூள் தூவிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் தட்டில் வைத்தார். அத்தை தட்டை வாங்கி, முதல் வாயைத் தன் கையாலேயே ஊட்டினார்.